வியாழக்கிழமை கிளம்பாத கார்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே கபாசோ காருக்குள் தலைகீழாகக் கிடந்தான். கால்கள் பின்சீட்டில். தலை பிரேக் பெடலுக்குப் பக்கத்தில். பல்லிடுக்கில் டார்ச்.

ஐம்பத்தேழு வயதில் ஒரு மனிதன் படுக்கிற படுக்கை இல்லை அது. ஆனால் வேறு வழியில்லை. திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு இந்தக் கார் கிளம்பியாக வேண்டும்.

கிளம்பாவிட்டால்?

அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. யோசிக்கிற சக்தியைக்கூடச் சேமித்து வைக்க வேண்டியிருந்தது.

செம்புச் சுரங்க ஊரான லுவான்ஷாவிலிருந்து கிட்வே பெரிய ஆஸ்பத்திரிக்குக் காரில் ஒரு மணி நேரம். அங்கே ஆறரைக்கு அவன் மனைவி லோம்பேக்காக ஒரு மெஷின் காத்திருக்கும். திங்களும் வியாழனும். நான்கு மணி நேரம் அவள் ரத்தத்தை வாங்கி, அலசி, திருப்பிக் கொடுக்கிற மெஷின். ஏழு மணிக்குள் போகாவிட்டால் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. வரிசை அவ்வளவு நீளம்.

போன திங்கட்கிழமை கார் முனகியது. பக்கத்துத் தெரு லாரிக்காரன் வந்து ஒயர் மாட்டிக் கிளப்பிவிட்டான். வியாழக்கிழமை முனகக்கூட இல்லை. லாரிக்காரன் ஊரில் இல்லை. ஜப்பானில் ஓடிக் களைத்து இங்கே வந்த முப்பது வருடக் கொரோலா அது. ஆட்டோமேட்டிக். தள்ளிக் கிளப்பவும் முடியாது. மினிபஸ் நிரம்பிப் புறப்பட்டுக் கிட்வே போய்ச் சேர்ந்தபோது மணி எட்டரை. லோம்பேயின் கட்டிலில் வேறொருத்தி படுத்திருந்தாள்.

வெறுமனே திரும்பி வந்தார்கள். ஏற்கெனவே வீங்கியிருந்த அவள் கால்கள் இன்னும் வீங்கின. இரண்டு மாதமாக அவளுக்கு எந்தச் செருப்பும் நுழைவதில்லை. வீட்டிலும் வாசலிலும் வெறுங்கால்தான்.

"உயிரோட இருக்கியா, கிளம்பிட்டியா?"

டிரைவர் பக்கத்து ஜன்னலில் ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. அந்தக் கண்ணாடி கிறிஸ்துமஸுக்கு முன்னால் இறங்கியது, இன்னும் ஏறவில்லை.

கபாசோ டார்ச்சை வாயிலிருந்து எடுத்தான். "எலி நாத்தம் அடிக்குதேன்னு பார்த்தேன்."

"குரங்கு திங்கிறவனுக்கு மூக்கு ஒரு கேடு."

எட்டிப் பார்த்தவன் ஜேரே. அவன் ங்கோனி இனம், கபாசோ பெம்பா இனம். பாட்டன் காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்ட இரண்டு கூட்டம், சண்டை ஓய்ந்த பிறகு கேலி முறை ஆகிவிட்டது. எந்த ங்கோனியும் எந்த பெம்பாவையும் எதையும் சொல்லலாம். பெம்பாவுக்கு ங்கோனி எலி, ங்கோனிக்கு பெம்பா குரங்கு தின்னி. கல்யாண வீட்டிலும் சொல்லலாம், சாவு வீட்டிலும் சொல்லலாம். கோபித்துக்கொண்டால் கோபித்தவனுக்குத்தான் அவமானம். தெருமுனையில் முடிவெட்டும் கடை வைத்திருந்த ஜேரே அந்த உரிமையில் ஒரு துளியைக்கூட வீணாக்குவதில்லை.

இன்று அவன் தள்ளுவண்டியில் கொரோலாவின் பாட்டரியைக் கொண்டுவந்திருந்தான். கடைக் கூரையில் அவன் வைத்திருந்த சோலார் பலகைதான் கரண்டு போகிற நாட்களில் அந்தத் தெருவுக்கே தெய்வம்.

"முழுசா ஏறிடுச்சு. பாட்டரி மேல குத்தமில்ல. உன் வண்டிதான் ராத்திரில ரத்தம் குடிக்குது."

"எங்க குடிக்குதுன்னு பார்த்துருவோம்."

கபாசோ எலக்ட்ரீஷியன் இல்லை. சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் பம்பு பார்த்தவன். அடியில் ஊறுகிற தண்ணீரை மேலே இறைத்துத் தள்ளுவது அவன் வேலை. ஒருநாள் கம்பெனி பம்புகளை நிறுத்தியது. சுரங்கம் நிரம்பியது. அவனும் வீட்டுக்கு வந்தான். ஆனால் கசிவைத் தேடுகிற புத்தி மட்டும் போகவில்லை.

பாட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் பாட்டரிக்கும் நடுவில் ஒரு சின்ன பல்பை இணைத்தான். சாவி வெளியே. எல்லாம் அணைந்திருக்கிறது. வண்டி எதையும் குடிக்கவில்லை என்றால் பல்பு எரியக் கூடாது.

எரிந்தது. மங்கலாக, தூக்கக் கலக்கத்தில் பார்க்கிற கண் மாதிரி.

"ஒவ்வொரு ஃப்யூஸா பிடுங்கறேன். எப்ப அணையுதுன்னு சொல்லு."

"இல்ல... இல்ல... இன்னும் முறைக்குது... ஆங். செத்துப்போச்சு."

உள் விளக்கின் ஃப்யூஸ். அந்த ஒயர் கூரை விளக்குக்குப் போகிறது, டிக்கி விளக்குக்கும் போகிறது. டிக்கியை மூடினால் விளக்கு அணைகிறதா என்று வெளியே நின்று எப்படித் தெரியும்?

கபாசோ, ஜேரேயை மேலும் கீழும் பார்த்தான். ஐந்தடி இரண்டங்குலம்.

"கூடாது," என்றான் ஜேரே.

"எலிக்குப் பொந்து புதுசா?"

இரண்டு நிமிடம் கழித்து டிக்கிக்குள்ளிருந்து குரல் வந்தது. "இருட்டு. நல்ல இருட்டு. திற. டேய், திறடா. பனா கசுபா, உங்க புருஷன் என்னைப் புதைக்கிறான்."

வாசலில் நாற்காலி போட்டு நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்த லோம்பே லேசாகச் சிரித்தாள். மகள் கசுபா லுசாகாவில் நர்ஸ் படிப்பு படிக்கிறாள். அவள் பிறந்த நாளிலிருந்து தெருவுக்கு லோம்பே, பனா கசுபா, அதாவது கசுபாவின் அம்மா. கபாசோ, பாஷி கசுபா, கசுபாவின் அப்பா. லோம்பே, தான் உரிக்கிற கடலையைத் தானே சாப்பிடக் கூடாது. கீரையை இரண்டு தடவை வேகவைத்து நீரைக் கொட்டிய பிறகுதான் கொஞ்சம். தண்ணீர் ஒரு நாளைக்கு இரண்டே டம்ளர்.

டிக்கி இல்லை. அப்படியானால் கூரை.

கொரோலாவின் கூரைத் துணி பசை விட்டு, கொசுவலை மாதிரி தலையில் தொங்கும். டிசம்பரில் கபாசோதான் அதை அட்டைக் குண்டூசிகளால் வரிசையாகக் குத்தி நிறுத்தினான். இப்போது ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். விளக்கைக் கழற்றித் துணியை இறக்கினான். உள்ளே பழைய பஞ்சுத் தூள் முகமெல்லாம் கொட்டியது. இருமினான். மறுபடி பார்த்தான்.

நாற்பதாவது ஊசியோ நாற்பத்தொன்றாவதோ. சிவப்பு ஒயரின் தோலைத் துளைத்துக்கொண்டு, கூரைத் தகட்டின் துருவில் முனை பதிந்திருந்தது. பளிச்சென்று தொட்டிருந்தால் அன்றைக்கே ஃப்யூஸ் போயிருக்கும். மழை ஈரத்தின் வழியாக, துருவின் வழியாக, சத்தமில்லாமல் கசிந்திருக்கிறது.

ஊசியை எடுத்தான். வெளியே பல்பு அணைந்தது.

"கண்டுபிடிச்சுட்டான் குரங்கு," என்றான் ஜேரே.

கபாசோ ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தன் கையால் குத்திய ஊசி. அதனால்தான் வியாழக்கிழமை போச்சு.

ஒயருக்கு டேப் சுற்றினான். நனைந்த தரை விரிப்பை உருவி வெயிலில் போட்டான். கதவு ரப்பர் வழியாக இறங்கிய மழை அதற்கடியில் குளம் கட்டியிருந்தது. மூன்று மணிக்கு விரிப்பைத் திரும்பப் போட்டபோதும் ஈரம் மிச்சமிருந்தது. உறிஞ்சட்டும் என்று பழைய செய்தித்தாள்களை மேலே பரப்பினான்.

"ராத்திரிக்கு பாட்டரிய கழட்டி வச்சுரு," என்றான் ஜேரே.

"கூடாது. மாட்டியே இருக்கட்டும். நாளைக்குக் காலையில கிளம்புதான்னு பார்த்தாத்தான் ரிப்பேர் நின்னுச்சான்னு தெரியும். கோளாறுன்னா சரி பண்ண ஒரு பகல் இருக்கு."

பிறகு லோம்பேயிடம் போனான். உள்ளங்கையில் அந்த ஊசி.

"வியாழக்கிழமை போனதுக்கு நான்தான் காரணம். இத நான்தான் குத்தினேன். மன்னிச்சுரு."

லோம்பே ஊசியைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. பிறகு ஊசியை அவன் கையிலிருந்து எடுத்துத் தன் இடுப்புத் துணியான சித்தெங்கேயின் முனையில் முடிந்துகொண்டாள்.

"குளிச்சுட்டு வாங்க. நிஷிமாக் களி ஆறிடும்."

ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று கபாசோ பாடிக்கொண்டே குளித்தான்.

*

ஞாயிறு காலை ஆறு மணி. சாவியைத் திருகினான்.

டிக்.

அவ்வளவுதான். மறுபடி திருகினான். டிக்கூட வரவில்லை.

சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தான். கோபம் வரவில்லை. கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். இன்னும் இருபத்து மூன்று மணி நேரத்தில் கிளம்பியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பாட்டரிக் கடை ஒன்றும் திறக்காது.

வீட்டு விளக்குக்கு வைத்திருந்த சின்ன பாட்டரியைக் கொண்டுவந்து அதே பல்புச் சோதனையைச் செய்தான். எரியவில்லை. துளி வெளிச்சம் இல்லை. கதவைத் திறந்து மூடினான், ஒயர்களை அசைத்தான், டேஷ்போர்டைக் குத்தினான். பல்பு செத்தே கிடந்தது.

வண்டியில் கசிவு இல்லை. பாட்டரியில் குற்றமில்லை. பின்னே?

டேஷ்போர்டுக்கடியில் பார்க்கலாம் என்று குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை.

பிரேக் பெடலுக்குக் கீழே, அவன் பரப்பிய செய்தித்தாள் ஈரத்தில் ஊறிக் களிமண் மாதிரி ஆகியிருந்தது. அதில் ஒரு காலடி. செருப்பில்லாத கால். அகலமாக, உப்பலாக, விரல்களுக்கு நடுவே இடைவெளியே இல்லாமல்.

அந்தத் தெருவில் அப்படி ஒரு கால் ஒருத்திக்குத்தான் இருந்தது.

செய்தித்தாளை அள்ளிக் கசக்கப் போனான். ஜன்னல் வழியாக ஒரு கை அவன் தோளைத் தொட்டது. சர்ச்சுக்குக் கிளம்பிய வெள்ளைச் சட்டையில் ஜேரே. அவன் காரைப் பார்க்கவில்லை. காலடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கேட்டியா?" என்றான் தாழ்ந்த குரலில்.

"எப்படிக் கேக்கறது?"

"புருஷன் கேக்க முடியாதுதான்." ஜேரே சட்டைக் கையை மடித்துவிட்டான். "நான் எதுக்கு இருக்கேன்."

கபாசோ தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. ஸ்பானரைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனான்.

லோம்பே அதே நாற்காலியில், முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே பை பையாக வீக்கம். ஜேரே ஒரு காலி பியர்ப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு எதிரே அமர்ந்தான்.

"பனா கசுபா, ஒரு சந்தேகம். நீங்க செத்துப்போனா இந்தக் கார் எனக்குத்தானே?"

அந்த வார்த்தையை ஒன்றரை வருடமாக அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. டாக்டர் சுற்றி வளைத்தார். பாஸ்டர் வானத்தைக் காட்டினார். மகள் போனில் அழுதாள். கபாசோ கார் ரிப்பேர் பார்த்தான்.

லோம்பே மெதுவாகத் தலை தூக்கினாள். "உனக்கா? எந்த முறையில?"

"எலி முறையில. உங்க குழியில இறங்கிப் படுத்துக்குவேன். பாஷி கசுபா சாவியக் கையில குடுக்கற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன். ஒருத்தனும் மண்ணு போட முடியாது."

"உன் உசரத்துக்கு நீ உள்ள இருக்கறதே யாருக்கும் தெரியாது. உன்னையும் சேர்த்து மூடிட்டு டீ குடிக்கப் போயிருவாங்க."

"பாட்டுப் பாடிக்கிட்டே படுத்திருப்பேன்."

"அப்ப சீக்கிரமா மூடுவாங்க."

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் மூச்சுக்குத் திணறி நின்றது. ஜேரே அது அடங்கும்வரை காத்திருந்தான்.

"ஆகக்கூடி அது என் கார்," என்றான். குரலில் கேலி அப்படியே இருந்தது. "என் கார் பாட்டரிய ராத்திரியில நீங்க எதுக்குத் தீர்க்கறீங்க, குரங்கு தின்னி?"

கடலை உரித்த கை நின்றது.

தெருவில் சர்ச்சுக்குப் போகும் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. நின்று கும்பிடு போட்டுவிட்டுக் கடந்தார்கள். அவர்கள் போகும்வரை லோம்பே பேசவில்லை.

"படுத்தா மூச்சு முட்டுது," என்றாள். "சொன்னா இவரு பயப்படுவாரு. அந்தக் கண்ணாடி ஏறாத பக்கத்துல போய் உக்காந்தா காத்து வரும். சாவியப் போட்டு ஃபேனையும் வச்சுக்குவேன். விடியறதுக்கு முன்னால வந்துருவேன். திங்கட்கிழமை வண்டி முனகினப்பதான் அது ஃபேனோட வேலைன்னு புரிஞ்சுது."

"சரி. தெரியாமச் செஞ்சது," என்றான் ஜேரே.

"புதன்கிழமை ராத்திரி தெரிஞ்சேதான் போட்டேன்."

ஜேரே எழுந்தான். அவன் வேலை முடிந்துவிட்டது. "வெயில் இருக்கறப்பவே பாட்டரிய ஏத்தணும்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். தள்ளுவண்டியின் சக்கரம் தெரு முழுக்கக் கிறீச்சிட்டுக்கொண்டே போயிற்று. அன்று அவன் சர்ச்சுக்குப் போகவில்லை.

கபாசோ அந்தப் பெட்டியில் உட்கார்ந்தான்.

"நேத்து நான் உங்கிட்ட மன்னிப்புக் கேட்டேனே."

"கேட்டீங்க. நான் வாங்கி வச்சுக்கிட்டேன். செஞ்சதுலயே கேவலம் அதுதான்."

"அப்புறமும் போய் உக்காந்திருக்க."

"நீங்க பாடிக்கிட்டே குளிச்சீங்க. அதக் கேட்டதும் எனக்கு, சரி, இனிமே காரும் என் பக்கம் இல்லன்னு ஆயிடுச்சு."

அவன் ஸ்பானரை மாற்றி மாற்றிப் பிடித்தான்.

"வர வேண்டாம்னா வாயால சொல்ல வேண்டியதுதானே. ஒரு காரை விட்டுச் சொல்லணுமா?"

"வாயால சொன்னா நீங்க அழுவீங்க. கசுபா படிப்ப விட்டுட்டு பஸ் ஏறிருவா. சர்ச் பொம்பளைங்க சுத்தி உக்காந்துக்குவாங்க. கார் கெட்டுப்போனா யாரும் குத்தவாளி இல்ல. நீங்களும் இல்ல, நானும் இல்ல." மூச்சு வாங்கினாள். "அந்த மெஷின்ல இருந்து இறங்கினா அன்னைக்குப் பூரா நான் பொணம். மறுநாள் தலை சுத்தும். புதன், சனி, ஞாயிறு. அந்த மூணு நாள்தான் மனுஷி. ஒன்னரை வருஷமா. என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. டாக்டர் உங்ககிட்ட சொன்னாரு, நீங்க சாவிய எடுத்தீங்க. சாமான் மாதிரி ஏத்தறீங்க, இறக்கறீங்க."

கபாசோவுக்குப் பம்பு அறை நினைவு வந்தது. தண்ணீர் ஏறுகிறதா, இறை. மறுபடி ஏறுகிறதா, மறுபடி இறை. இருபத்தாறு வருடத்தில் எதற்கு என்று அவன் கேட்டதில்லை. தண்ணீரும் கேட்டதில்லை.

"கேட்டா வேண்டாம்னு சொல்லிருவியா?"

"தெரியாது."

"சொல்லிட்டா?"

"அதுவும் தெரியாது. ஆனா கேளுங்க. ஒவ்வொரு தடவையும் கேளுங்க. திங்கட்கிழமை போறேன்னா வியாழக்கிழமையும் போறேன்னு அர்த்தம் இல்ல."

அவன் ஸ்பானரைத் தரையில் வைத்தான். எந்த ரிப்பேருக்கும் இப்படி ஒரு வாக்குக் கொடுத்ததில்லை. ஒருநாள் அவள் வேண்டாம் என்பாள். அன்றைக்கு அவன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார வேண்டும். அதற்கான கை தனக்கு இருக்கிறதா?

"சரி," என்றான்.

மதியம் கூரைத் துணியைப் பசை போட்டு ஒட்டினான். பாதி ஒட்டியது, பாதி சுருங்கியது. விட்டுவிட்டான். கதவின் உள்பலகையைக் கழற்றிக் கண்ணாடி மோட்டாரைத் தொட்டபோது, வாசலிலிருந்து லோம்பேயின் குரல்.

"அத விடுங்க. காத்து வரட்டும்."

பலகையைத் திரும்பப் பொருத்தினான்.

சாயங்காலம் ஜேரே பாட்டரியோடு வந்தான். மாட்டி முடித்ததும் தயங்கினான். "மைனஸ் ஒயரக் கழட்டி வச்சுரட்டுமா?"

கபாசோ திரும்பி லோம்பேயைப் பார்த்தான். அவள் வேறெங்கோ பார்த்தாள்.

"வேண்டாம். மாட்டியே இருக்கட்டும்."

சாவியை வழக்கமான ஆணியில், வழக்கமான உயரத்தில் மாட்டினான். கட்டிலைச் சுவரோரம் இழுத்து, வீட்டிலிருந்த தலையணை அத்தனையையும் அடுக்கி, அவள் உட்கார்ந்தபடியே சாய்ந்துகொள்ள வழி செய்தான். பிறகு படுத்தான். உடம்பு அடித்துப் போட்டது போல் இருந்தது. அவள் எழுந்தாளா இல்லையா என்று கவனிக்க விழித்திருக்கக்கூட முடியவில்லை.

*

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு லேசான தூறல். லோம்பேயைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து முன்சீட்டில் உட்கார வைத்தான். அவள் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தான். ஆஸ்பத்திரிக் கார்டு, போர்வை, வாந்தி வந்தால் பிடிக்க டப்பா. கதவைச் சாத்தினான். சுற்றி வந்து உட்கார்ந்தான். கை தானாகச் சாவிக்குப் போனது.

"நீங்க இன்னும் கேக்கல," என்றாள் லோம்பே.

சாவியிலிருந்து கையை எடுத்தான். ஐந்து மணி பத்து நிமிடம். நேரமாகிறது என்று சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கினான்.

"போலாமா?"

அவள் கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் கிடந்த கையைத் திருப்பி, ஊசி ஏறி ஏறித் தடித்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினாள். ஒரு சைக்கிள்காரன் கரிமூட்டையோடு தெருவைக் கடந்தான். அவன் முனை திரும்பி மறையும்வரை கபாசோ அசையவில்லை. மெஷின், வரிசை, ஆறரை மணி எல்லாம் அவன் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன.

"இன்னைக்குப் போலாம்," என்றாள்.

சாவியைத் திருகினான். முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது. அதில் அவளுக்குச் சந்தோஷமா வருத்தமா என்று அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கியரைப் போட்டான்.